ஏற்காட்டு ரோட்டுப் பலகை இரவில் எப்படி மின்னுகிறது?

சேலத்தில் எந்த வண்டி ஸ்டிக்கர் கடையிலும் போய், "பின்னாடி கொஞ்சம் ரேடியம் ஒட்டிக் குடுங்க" என்று சொன்னால் போதும். கடைக்காரர் சிவப்புச் சுருளை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிடுவார். சாலையோரப் பலகைகளுக்கும் நம் பேச்சில் அதே பெயர்தான்: ரேடியம் போர்டு. ஆனால் அந்தச் சுருளில் ரேடியம் துளியும் கிடையாது. ரேடியம் என்பது 1898-இல் மேரி கியூரியும் பியர் கியூரியும் கண்டுபிடித்த கதிரியக்கத் தனிமம். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கலந்த பூச்சைக் கடிகார முள்ளிலும் எண்களிலும் தடவினார்கள். அது இருட்டில் தானாகவே மினுங்கியது. தடவிய பெண் தொழிலாளர்கள் பலர் அந்தக் கதிர்வீச்சால் நோயில் விழுந்து இறந்தார்கள். அந்தப் பூச்சு காலப்போக்கில் வழக்கொழிந்தது. பெயர் மட்டும் நம் ஸ்டிக்கர் கடைகளில் தங்கிவிட்டது.

இந்தப் பெயரால் ஒரு தப்பான எண்ணமும் நம்மிடம் ஒட்டிக்கொண்டது. பலகைக்குள் ஏதோ வெளிச்சம் இருக்கிறது, அது தானாக எரிகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். ஏற்காடு மலைப்பாதையில் இரவில் ஹெட்லைட்டை அணைத்தால் எந்தப் பலகையும் எரியாது. ரோட்டில் செய்து பார்க்க வேண்டாம், நிறுத்தி வைத்த வண்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்குத் தெரியும் வெளிச்சம் முழுவதும் நம் வண்டியிலிருந்து போனது. பலகை அதைத் திருப்பி நம்மிடமே அனுப்புகிறது. அதன் வேலை அவ்வளவுதான், ஆனால் அதைச் செய்வது லேசான காரியம் இல்லை.

ஏன் என்று பார்க்கலாம். வெள்ளையடித்த சுவரில் டார்ச் அடித்தால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும். அதில் ஒரு சிறு பங்குதான் நம் கண்ணுக்குத் திரும்பும். முகம் பார்க்கும் கண்ணாடியில் அடித்தால் சிதறாது, ஆனால் சாய்வாக அடித்தால் எதிர்ப்பக்கம் போய்விடும். ரோட்டோரப் பலகை நமக்கு எப்போதும் கொஞ்சம் பக்கவாட்டில்தான் நிற்கிறது. அங்கே கண்ணாடியை மாட்டினால் நம் வெளிச்சம் காப்பித் தோட்டத்துக்குள் போகும். பலகைக்குத் தேவை மூன்றாவது ஒரு குணம்: எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்புவது.

இதை வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். 2019 ஏப்ரல் முதல் தயாராகும் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அந்தப் பிளேட்டின் மேல் ஒட்டியிருப்பதும், பலகையில் இருப்பது போல ஒளியைத் திருப்பும் தாள்தான். இருட்டான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். போன் டார்ச்சை இடுப்பருகே பிடித்துப் பிளேட்டின் மேல் அடியுங்கள். மங்கலாகத் தெரியும். இப்போது டார்ச்சைக் கையோடு மெல்ல உயர்த்தி, கன்னத்தைத் தாண்டி, நெற்றிப் பொட்டில் ஒட்ட வையுங்கள். கை மேலே வர வர பிளேட் வெளுத்துக்கொண்டே வந்து, பொட்டைத் தொட்டதும் பளீரென்று மின்னும். நான் முதல்முறை செய்தபோது கையை ஏழெட்டுத் தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், நம்ப முடியவில்லை. டார்ச்சும் மாறவில்லை, பிளேட்டும் மாறவில்லை. டார்ச்சுக்கும் கண்ணுக்கும் இருக்கும் இடைவெளி மட்டும்தான் மாறியது.

அந்த இடைவெளியைக் கோணமாகச் சொல்வார்கள். பத்து மீட்டர் தூரத்தில், கண்ணிலிருந்து 60 செ.மீ. கீழே டார்ச் இருந்தால் கோணம் கிட்டத்தட்ட 3.4 டிகிரி. கண்ணருகே 5 செ.மீ.-இல் இருந்தால் 0.3 டிகிரிதான். பலகை வெளிச்சத்தை அச்சாக வந்த வழியே அனுப்புவதில்லை, கூம்பு மாதிரி கொஞ்சம் விரித்துத்தான் அனுப்பும். அந்த விரிவு இல்லாவிட்டால் வெளிச்சம் ஹெட்லைட்டுக்கே திரும்பிப் போய்விடும், ஓட்டுபவரின் கண்ணுக்கு ஒன்றும் வராது. அந்தக் கூம்புக்குள் நம் கண் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே பலகை பளிச்சென்றோ மங்கலாகவோ தெரிகிறது. இந்தக் கோணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மலைப்பாதைக்கு வரும்போது இதுதான் பெரிய விஷயம்.

சரி, வந்த வழியே திருப்புவது எப்படி? இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது கண்ணாடி மணி. சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசியைச் சொன்னால் உடனே புரியும். ஆலை முற்றத்தில் வெயிலில் காயும் ஜவ்வரிசியை மனத்தில் நினைத்து, அதை மாவுத் துகள் அளவுக்குச் சுருக்கி, கண்ணாடி போலத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட மணிகளை ஆயிரக்கணக்கில் நெருக்கமாகப் பதித்ததுதான் பழைய வகைத் தாள். மணிக்குள் நுழையும் ஒளி வளைந்து அதன் பின்பக்கத்தில் ஒரு புள்ளியாகக் குவியும், அங்கே உள்ள பூச்சில் பட்டுத் திரும்பும், வெளியே வரும்போது மறுபடி அதே அளவு வளையும். மணி உருண்டையானதால் எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தாலும் இதேதான் நடக்கும். வளைவு சரியாக அமையக் கண்ணாடியின் தன்மையும் முக்கியம். ஜன்னல் கண்ணாடிக்கு ஒளிவிலகல் எண் சுமார் 1.5. அதில் செய்த மணியில் ஒளி மணியைத் தாண்டிப் பின்னால்தான் குவியும். எண் 1.9 அளவுக்கு உயர்ந்தால் மணியின் பின்சுவரிலேயே குவிந்துவிடும்.

மலையில் இரவில் காட்டுமாட்டின் கண் பச்சையாக மின்னுவதும் இதே வேலையால்தான். கண்ணின் லென்ஸ் ஒளியைக் குவிக்கிறது, விழித்திரைக்குப் பின்னால் உள்ள மினுமினுப்பான படலம் அதைத் திருப்புகிறது. மனிதக் கண்ணில் அந்தப் படலம் கிடையாது. பூனைக்கு உண்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஹாலிஃபாக்ஸ் ஊரைச் சேர்ந்த பெர்சி ஷா, சாலை நடுவே பதிக்கும் கண்ணாடிக் குமிழுக்கு 1934-இல் காப்புரிமை வாங்கினார். பெயரும் 'பூனைக்கண்' என்றே வைத்தார். நம் ஊரில் ரோட்டில் பதிந்திருக்கும் அந்தச் சின்னக் கட்டைகளை இன்றும் 'கேட் ஐ' என்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது. சாலைப் பலகைகளுக்கும் கோடுகளுக்கும் நம் நாட்டில் விதி எழுதும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் தொடங்கியதும் அதே 1934-இல்தான். பலகைகளுக்கான அதன் விதித்தொகுப்பு ஐஆர்சி 67.

இரண்டாவது வழி மூலை. கேரம் ஆடியவர்களுக்குத் தெரியும். மூலைக்குப் பக்கத்தில் ஸ்ட்ரைக்கரைச் சாய்வாக அடித்தால் ஒரு கட்டையில் பட்டு, அடுத்த கட்டையில் பட்டு, வந்த திசைக்கே இணையாகத் திரும்பும். கேரம் பலகை தட்டையானது, இரண்டு கட்டை போதும். ஒளி மேலே கீழே எல்லாம் போகும் என்பதால் மூன்று பரப்புகள் வேண்டும். அறையின் மூலையில் இரண்டு சுவரும் தரையும் சந்திக்கின்றன அல்லவா, அந்த வடிவம். அதை மிகச் சிறிதாக்கிப் பிளாஸ்டிக்கில் வரிசை வரிசையாக அச்சடித்தால் பிரிசம் தாள். சைக்கிள் பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரைத் திருப்பிப் பார்த்தால் இந்த மூலைகள் கண்ணுக்கே தெரியும். 1969-இல் அப்பல்லோ 11 நிலாவில் வைத்துவிட்டு வந்த பெட்டியில் இருப்பவை நூறு கண்ணாடி மூலைகள். பூமியிலிருந்து லேசரை அடித்து, திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு இன்றைக்கும் நிலாவின் தூரத்தை அளக்கிறார்கள். சந்திரயான்-3 லேண்டரிலும் எட்டு மூலைகள் கொண்ட சிறு குமிழ் ஒன்று போயிருக்கிறது. ஏற்காட்டு வளைவில் நிற்கும் பலகையும் நிலாவில் இருக்கும் அதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது.

எந்தத் தாள் எவ்வளவு திருப்பும் என்பதற்கு அளவு உண்டு. அமெரிக்கத் தர அளவான ஏஎஸ்டிஎம் டி4956-இன்படி, 0.2 டிகிரிக் கோணத்தில் புதிய வெள்ளைத் தாளுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும்: சாதாரண மணித்தாளுக்கு 70, பரவலாகப் பயன்படும் பிரிசம் தாளுக்கு 360, உயர்ந்த வகைப் பிரிசம் தாளுக்கு 580. அலகின் பெயரை விட்டுவிடலாம், ஒப்பீடு போதும். ஆனால் கோணம் 0.5 டிகிரிக்கு விரிந்ததும் 360 என்பது 150 ஆகிறது, 580 என்பது 420-இல் நிற்கிறது. தூரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலத் தெரியும். கிட்டே வரும்போதுதான் வித்தியாசம் வெளிப்படும்.

இப்போது மலைக்கு வருவோம். நாலுவழிச் சாலையில் பெங்களூர்ப் பக்கமிருந்து வரும்போது பச்சைப் பலகை நூறு, இருநூறு மீட்டர் முன்பே தெரிந்துவிடும். காரில் ஹெட்லைட்டுக்கும் ஓட்டுபவரின் கண்ணுக்கும் உயர வித்தியாசம் அரை மீட்டருக்குச் சற்று அதிகம். நூறு மீட்டர் தூரத்தில் அது 0.3 டிகிரிதான், நல்ல கோணம். அடிவாரம் தாண்டி ஏற ஆரம்பித்ததும் கணக்கு மாறிவிடுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள். பல இடங்களில் முன்னே முப்பது மீட்டர் தெரிந்தாலே அதிகம். அந்தத் தூரத்தில் காருக்கே கோணம் ஒரு டிகிரியைத் தாண்டிவிடும். பஸ்ஸிலோ லாரியிலோ டிரைவர் ஹெட்லைட்டுக்கு ஒன்றேகால் மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருப்பார், அவருக்கு இரண்டரை டிகிரி. அதாவது நாற்பது ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு வருபவருக்குத்தான் பலகை மங்கலாகத் தெரிகிறது. நாலுவழிச் சாலைக்குப் போதுமான தாள் மலைக்கும் போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வளைவில் தூரத்துக்கு மின்னும் தாளைவிட அகலமாக விரித்து அனுப்பும் தாள்தான் உதவும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வளைவில் ரோடு ஒரு பக்கம் திரும்புகிறது, ஹெட்லைட் நேராகவே போகிறது. வெளிச்சம் முதலில் விழுவது வளைவின் வெளிச்சுவரில். அம்புக்குறிப் பலகைகள் அங்கே, வரும் வண்டியை நோக்கித் திரும்பி நிற்க வேண்டும். ஏதோ ஒரு வண்டி உரசிச் சற்றே திருகிய கம்பம் பகலில் யார் கண்ணையும் உறுத்தாது. இரவில் அந்தத் திருகலே பலகையைப் பாதி அணைத்துவிடும். ஒளி மிகவும் சாய்வாக வந்தால் மணியாலும் மூலையாலும் திருப்ப முடியாது.

என் சித்தப்பா மினி லாரி ஓட்டுகிறார். மேலிருந்து மிளகும் காப்பியும், கீழிருந்து மளிகையும். ஒருநாள் இரவு அவரோடு இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் ஒரு வளைவுக்கு முன்னால் அவர் வேகத்தைக் குறைத்து, "இங்க ஒரு போர்டு இருக்கு, பாத்தியா?" என்றார். நான் பார்த்தது ஒரு கறுப்பு முக்கோணம், மரநிழல் போல. மறுநாள் பகலில் ஏறும்போது அதே இடத்தில் வண்டியை ஓரம் கட்டினோம். பலகை புதுசு போல இருந்தது, சிவப்பு விளிம்பு அத்தனை அழுத்தமாக. "நல்லாத்தானே இருக்கு சித்தப்பா" என்றேன். "பகல்ல பாத்தா என்னடா தெரியும்? கிட்டப் போய்த் தடவிப் பாரு" என்றார். தடவினேன். விரலில் தூரிகை போன வரிகள் தட்டுப்பட்டன, கீழ்விளிம்பில் பெயிண்ட் சொட்டு காய்ந்து நின்றது. நிறம் வெளுத்துப் போன பலகைக்கு யாரோ நல்லெண்ணத்தில் டப்பா பெயிண்டை அடித்திருக்கிறார்கள். பெயிண்டுக்கு அடியில் தாள் மூச்சடைத்துக் கிடந்தது. ஒளி உள்ளேயே நுழையாதபோது எதைத் திருப்புவது?

பகலில் பலகையைப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பகலில் நாம் பார்ப்பது நிறத்தை. இரவில் வேலை செய்வது அதற்குள் இருக்கும் மணியும் மூலையும். இரண்டும் தனித்தனியாகக் கெடும். நிறம் அழுத்தமாக இருந்து மின்னாத பலகை உண்டு. வெளுத்துப் போயும் ஓரளவு மின்னும் பலகையும் உண்டு.

பெயிண்ட் அடிக்காமலே இதே கதிக்கு ஆளாக்குவது தூசி. வெளிச்சம் தூசியைத் தாண்டிப் போக வேண்டும், திரும்பும்போது மறுபடியும் தாண்டி வர வேண்டும். தூசிப் படலம் பத்தில் ஏழு பங்கை விடுகிறது என்று வைத்துக்கொண்டால், திரும்பும்போது அந்த ஏழிலும் பத்தில் ஏழு பங்குதான் மிஞ்சும், அதாவது மொத்தத்தில் பத்தில் ஐந்துக்கும் குறைவு. தூசி லேசாகத்தான் தெரியும், பலகையோ பாதி போயிருக்கும். மலையில் தூசியோடு பாசியும் சேர்ந்துகொள்கிறது. நிழல் விழும் பக்கத்துப் பலகைகளில் பச்சைப் படலம் படிந்திருப்பதைப் பார்க்கலாம். உண்ணிச்செடி ஒரு மழைக்காலம் கழிந்தால் கம்பத்தின் பாதி உயரத்துக்கு வந்துவிடும். அப்புறம் போஸ்டர். கல்யாணமோ கண்ணீர் அஞ்சலியோ, கிழித்த பிறகும் பசை தங்கும். தயவுசெய்து சாலைப் பலகையில் எதையும் ஒட்டாதீர்கள்.

பனிமூட்டத்துக்கும் இந்த இரட்டைப் பயணக் கணக்கே பொருந்தும். மூட்டம் பாதி வெளிச்சத்தை விட்டால் திரும்பி வருவது கால் பங்குதான். அப்போது பிரைட் லைட் போட்டால் நிலைமை மோசமாகும். பனித்துளிகளில் பட்ட வெளிச்சம் முகத்துக்கு நேரே வெள்ளைச் சுவராக எழும், பலகை அதற்குப் பின்னால் மறைந்துவிடும். டிம்மில் வைத்து மெதுவாகப் போவதுதான் வழி.

விடியற்காலைப் பனி இன்னும் விசித்திரம். தெளிந்த வானமுள்ள இரவில் பலகையின் உலோகத் தகடு சீக்கிரம் குளிர்ந்து, அதன் மேல் நுண்ணிய நீர்த்துளிகள் படியும். ஒவ்வொரு துளியும் ஒளியை இஷ்டத்துக்கு வளைக்கும். முன்னிரவில் பளிச்சென்றிருந்த பலகை நாலு மணிக்குக் கறுத்துப்போய், வெயில் ஏறியதும் சரியாகிவிடும். பகலில் போய்ப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தென்படாது. வெள்ளன மலையிறங்கும் காய்கறி வண்டிக்காரர்களும் பால் வண்டிக்காரர்களும் சொன்னால்தான் தெரியும். பிரிசம் தாளுக்கு நீர் இன்னொரு விதத்திலும் எதிரி. அதன் மூலைகளுக்குப் பின்னால் காற்று இருந்தால்தான் ஒளி முழுவதும் திரும்பும். விளிம்பு பெயர்ந்து மழைநீர் உள்ளே புகுந்தால் அந்தப் பகுதி செத்துவிடும். கறுப்புத் திட்டுத் திட்டாகத் தெரியும் பலகைகள் பெரும்பாலும் இப்படிக் கெட்டவைதான்.

ரோட்டில் போடும் வெள்ளைக் கோட்டிலும் கண்ணாடி மணிதான் வேலை செய்கிறது. உருக்கிய கலவையைக் கோடாக ஊற்றிச் சூடு ஆறுவதற்குள் மேலே மணியைத் தூவுவார்கள். கலவைக்குள்ளும் மணி கலந்திருக்கும், மேல்மணி தேய்ந்தால் உள்மணி வெளிவரும். புதுக்கோடு போட்ட இடத்தில் ஓரமாகச் சிதறிக் கிடக்கும் மணியை ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள், உப்பைவிட வழுவழுப்பாக உருளும். மழை இரவில் கோடு காணாமல் போவதற்குக் காரணம், மணிகள் நீருக்குள் மூழ்கிவிடுவது. நீர்ப்பரப்பு கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை முன்னே தள்ளிவிடும். அந்த நேரத்தில் நீருக்கு மேலே தலை நீட்டி நிற்கும் பூனைக்கண்தான் காப்பாற்றும்.

கண் பற்றி ஒரு வார்த்தை. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். "எனக்கு நல்லாத் தெரியுதே" என்று இளவட்டங்கள் சொல்வதைப் பலகைக்கு நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. சித்தப்பாவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு.

உங்கள் தெருமுனையிலோ பள்ளிக்கூடத்துக்கு முன்னாலோ இருக்கும் பலகையைச் சோதிக்க நம்பர் பிளேட் சோதனையே போதும். இருட்டிய பிறகு, ரோட்டை விட்டு விலகி நின்று, இருபது முப்பது தப்படி தூரத்திலிருந்து டார்ச்சைப் பொட்டில் வைத்து அடியுங்கள். பக்கத்தில் இருக்கும் நல்ல பலகையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். போனில் பிளாஷ் போட்டுப் படம் எடுத்தாலும் அதே பலன்தான், ஏனென்றால் பிளாஷும் கேமராவும் ஒட்டியே இருக்கின்றன. அந்தப் படத்தையும் பகலில் எடுத்த படத்தையும் சேர்த்து நெடுஞ்சாலைத் துறைக்கோ ஊராட்சிக்கோ அனுப்புங்கள். "போர்டு சரியில்லை" என்று வெறுமனே எழுதினால், பகலில் வந்து பார்த்துவிட்டுச் சரியாகத்தான் இருக்கிறது என்று போய்விடுவார்கள். இரண்டு படமும் சேர்ந்திருந்தால் மறுக்க முடியாது.

உங்கள் சொந்த வண்டி, தோட்டத்து கேட், கடை முன்னால் வைத்த பலகை என்றால் நீங்களே துடைக்கலாம். முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்குங்கள். காய்ந்த மண்ணோடு துடைத்தால் தாளில் கீறல் விழும். அப்புறம் லேசான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும். தேங்காய் நார், கம்பி நார், சாம்பல், தின்னர் எதுவும் வேண்டாம். மேலிருந்து கீழாகக் கழுவிவிட்டுக் காய விடுங்கள். கையோடு ஹெட்லைட் கண்ணாடியையும் துடைத்துவிடுங்கள், பலகை திருப்பி அனுப்பும் வெளிச்சம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.